எடைக் குறைப்புத் திட்டத்தில் மரபணுவுக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம்: ஒரு நடைமுறை வழிகாட்டி

ஒரே உணவுத் திட்டத்தையும் ஒரே நடைப்பயிற்சியையும் ஒரே ஆலோசகரின் கீழ் பின்பற்றும் இருவரில், ஆறு மாதம் கழித்து ஒருவர் பத்துக் கிலோ குறைந்திருப்பார். மற்றவருக்கு ஒரு கிலோ குறைந்திருந்தாலே அதிகம். குறையாதவரைப் பார்த்து, "நீங்கள் சொன்னபடி கடைப்பிடிக்கவில்லை" என்று சொல்வதே நெடுங்காலமாக வழக்கமாக இருந்தது. இப்போது, "உங்கள் ஜீன் அப்படி" என்று சொல்வதும் அதே அளவுக்கு வழக்கமாகி வருகிறது. இரண்டும் அவசரத் தீர்ப்புகளே. எச்சில் மாதிரியை அனுப்பினால் உங்களுக்கு ஏற்ற உணவுமுறையைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்கள் பெருகிவிட்ட நிலையில், மரபணு உண்மையில் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை, அதை அறிந்துகொண்டு ஒருவர் தம் திட்டத்தை எப்படி வகுத்துக்கொள்ளலாம் என்பதைச் சொல்வதே இந்த வழிகாட்டியின் நோக்கம்.

முதலில் மூன்று கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

மரபணுவும் எடையும் என்று பேசும்போது மூன்று வெவ்வேறு கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. எனக்கு எடை கூடும் இயல்பு எவ்வளவு என்பது முதல் கேள்வி. ஒரு வாழ்க்கைமுறைத் திட்டத்தில் சேர்ந்தால் எனக்கு எவ்வளவு குறையும் என்பது இரண்டாவது. கொழுப்பைக் குறைத்த உணவு, மாவுச்சத்தைக் குறைத்த உணவு என்ற இரண்டில் எது எனக்கு ஏற்றது என்பது மூன்றாவது. முதல் கேள்விக்கு மரபணுவியல் உறுதியான சான்றுகளை வைத்திருக்கிறது. இரண்டாவதற்கு ஓரளவு வைத்திருக்கிறது. மூன்றாவதற்கு ஏறக்குறைய எதுவும் இல்லை. முதல் கேள்விக்கான சான்றைக் காட்டி மூன்றாவது கேள்விக்கான விடையை விற்பதுதான் இன்றைய சந்தையில் நடக்கிறது என்பது என் கருத்து. ஆகவே எந்த அறிக்கையைப் படித்தாலும், எந்த ஆலோசகர் எதைச் சொன்னாலும், அது இந்த மூன்றில் எதற்கான விடை என்று கேட்டுக்கொள்வதை முதல் பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கான சான்று எவ்வளவு வலுவானது என்பதற்கு, கனடாவின் லாவால் பல்கலைக்கழகத்தில் குளோட் புஷார்ட் குழுவினர் நடத்தி 1990-இல் வெளியிட்ட ஆய்வைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. உருவொத்த இரட்டையரான இளைஞர்கள் 12 ஜோடியினரைக் கண்காணிப்பில் தங்கவைத்து, வாரத்தில் ஆறு நாள் வீதம் 84 நாட்களுக்கு, தேவைக்கு மேல் நாளொன்றுக்கு 1,000 கிலோகலோரி கூடுதலாக உண்ணச் செய்தார்கள். அனைவரும் உண்ட கூடுதல் அளவு ஒன்றுதான். ஆனால் சராசரியாக 8.1 கிலோ கூடிய அந்தக் குழுவில், மிகக் குறைவாகக் கூடியவருக்கு 4.3 கிலோவும் மிக அதிகமாகக் கூடியவருக்கு 13.3 கிலோவும் ஏறியிருந்தன. ஒரு ஜோடிக்குள் இருந்த வேறுபாட்டைவிட ஜோடிகளுக்கு இடையே இருந்த வேறுபாடு சுமார் மூன்று மடங்கு; அதாவது அண்ணனுக்கு நிறைய ஏறியிருந்தால் தம்பிக்கும் நிறைய ஏறியிருந்தது. அதே குழுவினர் 1994-இல் ஏழு ஜோடியினரை வைத்து இதன் மறுபக்கத்தைப் பார்த்தார்கள். உணவின் அளவை மாற்றாமல், 93 நாட்கள் மிதிவண்டிப் பயிற்சி மட்டும் செய்யவைத்தபோது, சராசரியாக 5 கிலோ குறைந்தது. தனித்தனியே பார்த்தால் 1 கிலோ குறைந்தவரும் உண்டு, 8 கிலோ குறைந்தவரும் உண்டு. இங்கேயும் இரட்டையர் இருவருக்கும் ஏறத்தாழ ஒரே அளவே குறைந்தது. வீட்டில் ஒருவர் ஏமாற்றிச் சாப்பிட்டிருப்பார் என்று சந்தேகிக்க இடமில்லாத சூழலில் கிடைத்த முடிவுகள் இவை என்பதால், எடை குறையாதவரைக் குற்றம் சொல்வதற்கு முன் ஒவ்வோர் ஆலோசகரும் இவற்றை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அறிக்கையில் உள்ள வரியைப் படிப்பது எப்படி

உங்களிடம் ஏற்கெனவே ஒரு மரபணு அறிக்கை இருந்தால், அதில் பெரும்பாலும் எஃப்டிஓ என்ற மரபணுவின் பெயர் இருக்கும். அதன் அருகில், அந்த மரபணுவில் ஆளுக்கு ஆள் மாறும் ஓர் இடத்தைக் குறிக்கும் ஆர்எஸ்9939609 என்ற எண்ணும், அதற்கு அடுத்து ஏஏ, ஏடி, டிடி என்ற மூன்றில் ஒன்றும் அச்சாகியிருக்கும். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக ஒவ்வொரு மரபணுவிலும் நமக்கு இரண்டு பிரதிகள் உள்ளன. ஏ என்பது எடை கூடும் இயல்போடு தொடர்புடைய வடிவம். 2007-இல் இந்த மாறுபாட்டை ஐரோப்பியரிடம் கண்டறிந்தபோது, இரு பிரதிகளிலும் ஏ வடிவம் கொண்டவர்கள், அது ஒன்றுகூட இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ அதிக எடை கொண்டிருந்தார்கள். அறிக்கையில் இந்த வரி சிவப்பு நிறத்தில், "உயர் ஆபத்து" என்ற முத்திரையுடன் இருந்தாலும், அதன் பொருள் அந்தச் சராசரி 3 கிலோதான் என்பதை மறக்க வேண்டாம். உங்கள் எடை இருக்க வேண்டியதைவிட 25 கிலோ கூடுதலாக இருந்தால், அதன் பெரும்பகுதிக்கு இந்த ஒரு வரி விளக்கம் ஆகாது.

அடுத்து, இரண்டாவது கேள்விக்கு வாருங்கள். எஃப்டிஓவில் ஏ வடிவம் இருந்தால் உணவு, உடற்பயிற்சித் திட்டங்கள் பலிக்காதா? சீரற்ற முறையில் ஆட்களைப் பிரித்து நடத்திய எட்டு ஆய்வுகளிலிருந்து 9,563 பேரின் தரவுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட கட்டுரை இதற்குத் தெளிவான விடை தருகிறது: அந்த வடிவம் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும், எடையிலும் இடுப்புச் சுற்றளவிலும் ஏற்பட்ட குறைவில் வேறுபாடு இல்லை. எடை ஏறுவதற்குத் துணைபோகும் இந்த மரபணு, எடை இறங்குவதைத் தடுப்பதில்லை. இந்த ஒரு செய்தியை மட்டும் இந்த வழிகாட்டியிலிருந்து எடுத்துக்கொண்டாலும் போதும் என்று நினைக்கிறேன். ஏனெனில் "எனக்கு ஜீனிலேயே இருக்கிறது, நான் என்ன செய்தாலும் குறையாது" என்று மனம் தளர்ந்து திட்டத்தையே கைவிடுகிறவர்கள் பலர்.

மூன்றாவது கேள்விக்கான விடை இன்னும் திட்டவட்டமானது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டஃபர் கார்ட்னர் தலைமையில் நடந்து 2018-இல் வெளியான டயட்ஃபிட்ஸ் ஆய்வில், 609 பேர் இரு பிரிவாக ஓராண்டுக் காலம் ஒன்று கொழுப்பைக் குறைத்தோ, அல்லது மாவுச்சத்தைக் குறைத்தோ உண்டார்கள். எந்த உணவுமுறை யாருக்கு ஏற்றது என்று மூன்று மரபணு மாறுபாடுகளை வைத்து முன்கூட்டியே கணித்திருந்தார்கள். கொழுப்பைக் குறைத்தவர்களுக்குச் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கு 6 கிலோவும் குறைந்தன. இந்த இரண்டுக்கும் இடையே புள்ளியியல் நோக்கில் வேறுபாடு இல்லை. மரபணுவுக்குப் "பொருந்திய" உணவை உண்டவர்களுக்குக் கூடுதலாகக் குறையவும் இல்லை. அதே வேளையில், ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் 30 கிலோ அளவுக்கு இழந்தவரிலிருந்து 10 கிலோ அளவுக்குக் கூடியவர் வரை எல்லாரும் இருந்தார்கள். ஆளுக்கு ஆள் விளைவு மாறுகிறது என்பது உண்மை. அந்த மாற்றத்தை இன்று விற்பனையாகும் சோதனைகள் கணிக்கவில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை. ஐரோப்பாவின் ஏழு நாடுகளில் நடந்த ஃபுட்4மீ ஆய்வும் இதையே காட்டியது: ஒருவரின் உணவுப் பழக்கத்தைக் கேட்டறிந்து தந்த தனிப்பட்ட ஆலோசனை, பொதுவான ஆலோசனையைவிடப் பலன் தந்தது, அதன்மேல் மரபணுத் தகவலையும் சேர்த்தபோது கூடுதல் பலன் எதுவும் இல்லை.

எனவே இன்னும் சோதனை செய்யாதவர்களுக்கு என் அறிவுரை, உணவுமுறையைத் தேர்ந்தெடுப்பதற்காக அந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம் என்பதே. பல இலட்சம் மாறுபாடுகளைக் கூட்டிக் கணக்கிடும் புதிய மதிப்பெண்கள் இதைவிட மேம்பட்டவைதான். 2019-இல் வெளியான அத்தகைய ஒரு மதிப்பெண், மிக உயர்ந்த பத்தில் ஒரு பங்கினருக்கும் மிகத் தாழ்ந்த பத்தில் ஒரு பங்கினருக்கும் இடையே சராசரியாக 13 கிலோ எடை வேறுபாட்டைக் காட்டியது. ஆனால் அதுவும் முதல் கேள்விக்கான விடையே. மேலும் இத்தகைய மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவுகளைக் கொண்டு உருவானவை; தெற்காசியர்களிடம் அவற்றின் கணிப்பு வலுக் குறைந்தது.

மரபணுச் சோதனை உண்மையாகவே தேவைப்படும் இடம்

மேலே சொன்னவை யாவும் பலரிடமும் காணப்படும் சிறு விளைவு கொண்ட மாறுபாடுகளைப் பற்றியவை. ஒரே மரபணுவில் ஏற்படும் கடுமையான கோளாறு என்பது வேறு கதை. மூளைக்கு வயிறு நிறைந்ததை உணர்த்தும் பாதையில் லெப்டின் (பசியை அடக்கும் ஒரு ஹார்மோன்), லெப்டின் ஏற்பி, பிஓஎம்சி, எம்சி4ஆர் போன்ற மரபணுக்கள் செயல்படுகின்றன. அவற்றில் ஒன்று முறிந்தால், குழந்தைக்குப் பசி அடங்குவதே இல்லை. ஐந்து வயதுக்கு முன்பே மிகக் கடுமையான பருமன், சாப்பிட்டு முடித்த சில நிமிடங்களில் மீண்டும் அழுது உணவு கேட்பது, ஒளித்து வைத்த உணவைத் தேடி எடுத்து உண்பது, வளர்ச்சியில் அல்லது கற்றலில் தாமதம், பார்வைக் குறைபாடு, கூடுதலான விரல்கள் ஆகியவற்றில் சில சேர்ந்து காணப்பட்டால், அந்தக் குழந்தையை உணவு ஆலோசகரிடம் மட்டும் காட்டி நிறுத்திவிடாமல், குழந்தைகளுக்கான நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். லெப்டின் குறைபாடு போன்ற கோளாறுகள் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால் மட்டுமே வெளிப்படுபவை என்பதால், மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள் திருமணம் நடந்த குடும்பங்களில் இதற்கான வாய்ப்பு அதிகம். மருத்துவரிடம் அந்த விவரத்தைத் தயங்காமல் சொல்லுங்கள்.

இந்தச் சோதனையால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு உறுதியான பதில் உண்டு. லெப்டினே சுரக்காத ஒரு சிறுமிக்கு லெப்டின் ஊசி போட்டதும் பசி அடங்கி எடை குறைந்ததை 1999-இலேயே கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் காட்டினார்கள். பிஓஎம்சி, லெப்டின் ஏற்பி ஆகியவற்றின் குறைபாடுகளுக்கு செட்மெலனோடைடு என்ற மருந்தை 2020-இல் அமெரிக்கா அனுமதித்தது. எம்சி4ஆர் மாறுபாடு கொண்ட குழந்தைகளைப் பற்றி ஜெர்மனியில் நடந்த ஆய்வு ஒன்று இன்னொரு பாடம் சொல்கிறது: வாழ்க்கைமுறைத் திட்டத்தில் அவர்களுக்கும் மற்றக் குழந்தைகளைப் போலவே எடை குறைந்தது, ஆனால் திட்டம் முடிந்தபின் குறைந்த எடையை அவர்களால் தக்கவைக்க முடியவில்லை. அத்தகைய குழந்தையின் பெற்றோர், ஓராண்டுத் திட்டம் என்று நினைக்காமல், நீண்டகாலத் துணைக்கும் கண்காணிப்புக்கும் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

சோதனை இல்லாமலே திட்டத்தை வகுப்பது

பெரியவர்களில் பெரும்பாலானோருக்கு, எச்சில் குப்பியைவிடக் குடும்ப வரலாறு அதிகம் பேசும். பெற்றோர், அவர்களுடைய உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி ஆகியோரில் யாருக்குப் பருமன் இருந்தது, எந்த வயதில் தொடங்கியது, யாருக்குச் சர்க்கரை நோய் வந்தது, வயிற்றுப் பகுதியில் சதை போட்டவர்கள் யார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அத்துடன் உங்கள் எடை எந்தக் கட்டத்தில் கூடியது என்பதையும் குறியுங்கள்: சிறுவயதிலிருந்தேவா, திருமணத்துக்குப் பிறகா, பிரசவத்துக்குப் பிறகா, வேலை மாறிய பிறகா, ஒரு மருந்தைத் தொடங்கிய பிறகா. ஸ்டீராய்டு, இன்சுலின், மனநலத்துக்கான சில மருந்துகள் ஆகியவை எடையைக் கூட்டும். தைராய்டு குறைபாடும், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையும், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும் கவனிக்கப்பட வேண்டியவை. இவற்றைப் பார்க்காமல் மரபணுவின்மேல் பழியைப் போடுவது, சரிசெய்யக்கூடிய காரணத்தைக் கைநழுவ விடுவதாகும்.

பரம்பரை இயல்பு பெரும்பாலும் செயல்படுவது வளர்சிதை மாற்றத்தின் வேகத்தில் என்றே பலர் நினைக்கிறார்கள். அதன் முக்கியமான வழி பசியும் உணவு நாட்டமும்தான். ஸ்காட்லாந்துக் குழந்தைகளிடம் 2008-இல் நடந்த ஆய்வில், எஃப்டிஓவின் ஏ வடிவம் கொண்டவர்கள் செலவழித்த ஆற்றலில் குறைவு காணப்படவில்லை; கலோரி செறிந்த உணவை அவர்கள் கூடுதலாக உண்டார்கள் என்பதே கண்டறியப்பட்டது. நடைமுறையில் இது மிகவும் பயனுள்ள செய்தி. குடும்பத்தில் பருமன் இருந்து, உணவைக் கண்டால் கை தானாகப் போகும் இயல்பும் உங்களுக்கு இருந்தால், உங்கள் திட்டத்தின் பாரம் மனக்கட்டுப்பாட்டின்மேல் விழக் கூடாது. வீட்டின் ஏற்பாட்டின்மேல் விழ வேண்டும். முறுக்கு, மிக்சர் டப்பாக்களை மேசையிலிருந்து எடுத்துவிடுவது, சோற்றுப் பாத்திரத்தைச் சாப்பிடும் இடத்துக்குக் கொண்டுவராமல் அடுப்பங்கரையிலேயே வைத்துப் பரிமாறிக்கொள்வது, முதலில் காய்கறியும் பருப்பும் முட்டையும் உண்டபின் சோற்றுக்கு வருவது, பசி முற்றும்வரை காத்திராமல் நேரத்துக்குச் சாப்பிடுவது போன்றவை சிறியனவாகத் தோன்றினாலும், உங்கள் மரபணு எந்த இடத்தில் செயல்படுகிறதோ அந்த இடத்தையே தொடுபவை.

உடலுழைப்பைப் பற்றியும் உறுதியான சான்று உண்டு. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களின் தரவுகளைத் தொகுத்து 2011-இல் வெளியான ஆய்வில், உடலுழைப்பு உள்ளவர்களிடம் எஃப்டிஓ மாறுபாட்டினால் பருமன் ஏற்படும் வாய்ப்பு, உழைப்பு இல்லாதவர்களிடம் இருந்ததைவிட 27 விழுக்காடு குறைந்திருந்தது. சென்னையில் நடந்த ஆய்விலும், இந்த மரபணுவின் தாக்கம் உடலுழைப்பு இல்லாதவர்களிடமே கூடுதலாகக் காணப்பட்டது. வாரத்துக்கு 150 நிமிட வேகநடை என்ற அளவை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் நீரிழிவுத் தடுப்புத் திட்டம் வகுத்த இலக்கு அதுதான், அத்துடன் 7 விழுக்காடு எடைக் குறைப்பு. 3,234 பேர் பங்கேற்று 2002-இல் முடிவுகள் வெளியான அந்தத் திட்டத்தில், வாழ்க்கைமுறைப் பிரிவினருக்கு நீரிழிவு வரும் விகிதம் 58 விழுக்காடு குறைந்தது. நீரிழிவுக்கான வலுவான மரபணு ஆபத்து எனப்படும் டிசிஎஃப்7எல்2 மாறுபாட்டை இரு பிரதிகளிலும் கொண்டவர்களும் அந்தப் பயனைப் பெற்றார்கள்.

முதல் எட்டு வாரங்களை உங்கள் சோதனையாகக் கொள்ளுங்கள்

எந்த மரபணு அறிக்கையையும்விட, உங்கள் உடல் முதல் இரண்டு மாதத்தில் காட்டும் விளைவு அதிகம் சொல்லும். அமெரிக்காவில் நீரிழிவு உள்ளவர்களிடம் நடந்த லுக் அஹெட் ஆய்வில், முதல் இரண்டு மாதத்தில் நன்றாகக் குறைந்தவர்களே எட்டாண்டுக்குப் பிறகும் கூடுதலாகக் குறைந்த நிலையில் இருக்கும் வாய்ப்புள்ளவர்களாக இருந்தார்கள். ஆகவே அந்த எட்டு வாரங்களைக் கவனமாக அளந்து பாருங்கள். காலையில் மலசலம் கழித்தபின், எதுவும் உண்ணும் முன், ஒரே எடைப்பொறியில், ஏறக்குறைய ஒரே உடையில் நின்று பாருங்கள். உடலில் தங்கும் நீரினால் எடை நாளுக்கு நாள் ஒரு கிலோவுக்கு மேலும் ஏறி இறங்கும். அதனால் தினசரி எண்ணைப் பார்த்து மகிழவோ வருந்தவோ வேண்டாம், வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். பெண்கள் மாதவிடாய்ச் சுழற்சியின் ஒரே கட்டத்தில் உள்ள வாரங்களை ஒப்பிடுவது நல்லது. இடுப்புச் சுற்றளவை, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும்; இந்தியர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை.

எட்டு வாரத்தில் எதுவும் நகரவில்லை என்றால், அதே திட்டத்தை இன்னும் கடுமையாகப் பின்பற்றுவதைவிட அதை மாற்றுவதே மேல். நான்கு நாட்களுக்கு உண்பதையெல்லாம், காபியில் போடும் சர்க்கரையும் தாளிக்கும் எண்ணெயும் உட்பட, எழுதிவைத்து ஆலோசகரிடம் காட்டுங்கள். மாவுச்சத்தைக் குறைத்துப் பார்த்தவர் கொழுப்பைக் குறைத்துப் பார்க்கலாம். எது உங்களுக்குப் பசியை அடக்குகிறதோ, எதை வீட்டில் தொடர்ந்து சமைக்க முடிகிறதோ அதுவே உங்களுக்கு ஏற்றது. எடை குறையாவிட்டாலும் பயன் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், வாழ்க்கைமுறையை மாற்றியவர்களுக்கு எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆயினும் நீரிழிவு வருவது 28.5 விழுக்காடு குறைந்தது. ஆகவே தொடங்கும்போதும் மூன்று மாதம் கழித்தும் எச்பிஏ1சி (கடந்த சில மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் சோதனை), இரத்த அழுத்தம், கொழுப்பு அளவுகள் ஆகியவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிக்கையை உங்களிடமும் குழந்தைகளிடமும் எப்படிச் சொல்வது

இதை ஒரு தனி வேலையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், பங்கேற்றவர்களிடம் அவர்களுடைய உண்மையான மரபணு எதுவாக இருந்தாலும், பாதிப் பேருக்கு ஆபத்தான வடிவம் இருப்பதாகவும் மீதிப் பேருக்குப் பாதுகாப்பான வடிவம் இருப்பதாகவும் சொன்னார்கள். எஃப்டிஓவில் பாதுகாப்பான வடிவம் இருப்பதாகக் கேட்டவர்களுக்கு, அதே உணவை உண்டபின் வயிறு கூடுதலாக நிறைந்ததுபோல் இருந்தது. நிறைவை உணர்த்தும் ஜிஎல்பி-1 ஹார்மோனும் கூடுதலாகச் சுரந்தது. உடற்பயிற்சித் திறன் குறைவு என்று வேறொரு மரபணுவைக் காட்டிச் சொல்லக் கேட்டவர்கள், ஓட்டப் பொறியில் முன்பைவிடச் சீக்கிரம் களைத்து நிறுத்தினார்கள். சொல்லப்பட்ட சொல்லே உடலை மாற்றியது. மறுபுறம், மரபணு ஆபத்தைத் தெரிவிப்பதால் மக்கள் உணவையோ உடற்பயிற்சியையோ மாற்றிக்கொள்கிறார்களா என்று 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அப்படி எந்த மாற்றமும் தெரியவில்லை.

ஆகவே ஊக்கம் கிடைக்கும் என்று எண்ணி அறிக்கையைக் கேட்டு வாங்காதீர்கள். கையில் இருந்தால், "சராசரியைவிடச் சில கிலோ கூடும் இயல்பு, குறைப்பதற்குத் தடை இல்லை" என்று முழுமையாகவே சொல்லிக்கொள்ளுங்கள். குழந்தைகள் முன்னால், "நம் குடும்பத்து உடம்பே இப்படித்தான்" என்று பேசுவதைத் தயவுசெய்து தவிருங்கள். அவர்களுக்காகச் செய்ய வேண்டியது வீட்டு உணவையும் விளையாட்டு நேரத்தையும் சீராக்குவது; உயரம், எடை ஆகியவற்றை ஆண்டுக்கு இருமுறை வளர்ச்சி அட்டையில் குறித்துவந்து, எடைக் கோடு திடீரென்று மேல்நோக்கித் திரும்பினால் அந்த அட்டையோடு மருத்துவரைப் பார்ப்பது.